கசின் என்றொரு சொல் அவரிடம் இல்லை

வில் நகரசபையிலிருந்து அழைத்த பெண் என் பெயரைச் சரியாகவே உச்சரித்தார். திருமதி பல்விந்தர் கௌர் தன் வீட்டில் இறந்துவிட்டார் என்றும், அவருடைய தொலைபேசிப் புத்தகத்தில் இருந்த ஒரே சுவிஸ் இலக்கம் என்னுடையது என்றும் சொன்னார். பிறகு, நீங்கள் உறவினரா என்று கேட்டார். இல்லை, ஒன்றாக வேலை செய்தோம் என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார். நானும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து நாட்கள் கழித்து நானே அழைத்தபோது எரியூட்டல் முடிந்திருந்தது. யார் வந்தார்கள் என்று கேட்டேன். ஒருவரும் வரவில்லையாம்.

கூர் நகரில் சலவைக்கூடத்தில் பல்விந்தர் அக்காவோடு நின்ற உங்களுக்கு இதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அவர் பஞ்சாபி, நாங்கள் யாழ்ப்பாணம். நடுவில் இருந்தது உடைந்த ஜெர்மன். படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே தன் சொந்தங்களைச் சொல்லிக்கொண்டு போவார். சித்தப்பாவின் பிள்ளை சசேர், மாமாவின் பிள்ளை மமேர், அப்பாவின் தங்கையின் பிள்ளை புபேர், அம்மாவின் அக்கா தங்கையின் பிள்ளை மசேர். எதைச் சொன்னாலும் பின்னால் ஒரு 'பரா' வரும், அல்லது ஒரு 'பைண்' வரும். சகோதரன், சகோதரி. அவ்வளவுதான்.

2009 வைகாசியில் வன்னியில் என் பெரியம்மாவின் மகன் இறந்த செய்தி வந்தது. மேற்பார்வையாளர் கசினுக்கு விடுப்பு இல்லை என்றார். நான் திரும்பி வந்து இயந்திரத்தடியில் நின்றேன். அக்கா செத்தது யார் என்று கேட்டார். சொன்னேன்.

"மசேர் பரா. உன்ரை அண்ணை. கசின் எண்டு ஏன் சொன்னனீ?"

அவர் கேட்டபிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் பெரியம்மா மகனை நான் அண்ணை என்று மட்டுமே கூப்பிட்டிருந்தேன். அக்கா மேற்பார்வையாளரிடம் போய் என்ன கதைத்தாரோ தெரியாது. மூன்று நாட்கள் நான் வீட்டில் இருந்தேன்; என் வேலையையும் சேர்த்து அவரே செய்தார்.

என் கணவர் எனக்கு மாமா மகன் என்று அறிந்த அன்று அக்கா விரிப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அவர்கள் கணக்கில் நான் அண்ணனைக் கட்டியவள். மச்சான் வேறு, அண்ணன் வேறு என்று விளங்கப்படுத்த எனக்கு ஒரு மதியம் முழுக்கப் போனது. மறுநாள் வந்து, "உங்கடை பாஷையிலை அண்ணன்மார் குறைவு. பாவம்," என்றார். அவர் சிரித்து நான் கண்டது மிகக் குறைவு. அன்று சிரித்தார்.

அக்கா தன் கணவரை விட்டு வந்த பிறகு பஞ்சாபில் சொந்தங்கள் எல்லோரும் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி மட்டும் ஞாயிறுதோறும் அழைப்பாள். புபேர் பைண், அப்பாவின் தங்கை மகள். சில ஞாயிறுகள் அழைப்பு வரவில்லை. அக்காவே எடுத்துக் கேட்டபோதுதான் அவள் செத்து இருபது நாளாயிற்று என்று தெரிந்தது.

"அறிவிக்கிறதுக்கு என்னைத் தேட ஒருத்தரும் இல்லை," என்றார். எனக்குப் பேருந்துக்கு நேரமாகியிருந்தது. நாளைக்குக் கதைப்பம் என்று சொல்லிவிட்டு ஓடினேன். மறுநாள் கதைக்கவில்லை. ஓய்வு பெற்று அவர் வில் நகருக்குப் போன பிறகு இரண்டு தரம்தான் பேசியிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சிக்கு அழைத்தேன். சித்தப்பாவின் மகள். கதைத்து நாலு வருடம்.

"ஆர் கதைக்கிறது?"

"அக்கா கதைக்கிறன்."



"எந்த அக்கா?"

பல்விந்தர் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது இந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான். அவள் என் குரலைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் ஞாயிறுதோறும் எடுப்பேன்.