இடது ஓரத்துப் பூனை

என் மனைவியின் அண்ணனுக்கு எதைப் பார்த்தாலும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டே ஆகவேண்டும். கிடங்கு கேன்டீன் டீக்கு நாலு. மேலாளர் நடத்தும் பாதுகாப்பு வகுப்புக்கு ஒன்றரை. என் கல்யாணத்துக்கு ஆறு. "மாப்பிள்ளைக்காக அரை மார்க் கூடப் போட்டிருக்கேன்" என்று கல்யாணப் பெண்ணான தங்கையிடமே சொன்ன மனிதர். கிடங்கில் அவருக்கு வாத்தியார் என்று பெயர். எனக்கு மச்சான்.

வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபத்தாறு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கைகளால் ஒரு டன் சரக்கைப் பலகையோடு தூக்கி, மூன்று ஆள் உயரத்தில் இருக்கும் தட்டில் சத்தமில்லாமல் வைப்பார். நான் சரக்கு சரிபார்ப்பவன். அட்டையும் பேனாவுமாக அவர் வண்டிக்கு இடப்பக்கம் நடப்பேன். எண் எழுதிய சீட்டை எங்கள் கிடங்கில் இடப்பக்கம்தான் ஒட்டுவார்கள். அதனால் ஒன்பது வருடமாக என் இடம் அதுதான்.

வேலை முடிந்தால் மச்சானுக்கு இரண்டே உலகம். ஒன்று அனிமேஷன் படம், இன்னொன்று வீடியோ கேம். அதிலும் வாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், ஒரு கதாபாத்திரமாகவே நூறு மணி நேரம் வாழ்கிற வகை விளையாட்டுதான் பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரருடன் வருடத்துக்கு நாலு வார்த்தை பேசாதவர், விளையாட்டுக்குள் வரும் ஒவ்வொரு கொல்லனிடமும் குசலம் விசாரிப்பார். ஆற அமர எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இணையத்தில் தன் பக்கத்தில் எழுதுவார். அதைப் படிக்க ஒன்பதாயிரம் பேர் இருந்தார்கள்.

நன்றாகவே எழுதுவார், அதையும் சொல்லிவிடுகிறேன். "இப்பல்லாம் படத்தில் வில்லனே கிடையாது. எல்லாருக்கும் சின்ன வயதில் ஒரு சோகம். கடைசியில் கட்டிப்பிடித்து அழுதால் கதை முடிந்தது. மூன்று மார்க்" என்று ஒரு படத்தைப் பற்றி. "அறுபது மணி நேர விளையாட்டில் நாற்பது மணி நேரம் மூலிகை பறித்தேன். உலகத்தைக் காப்பாற்ற வந்தவனைத் தோட்டக்காரனாக்கிவிட்டார்கள்" என்று ஒரு விளையாட்டைப் பற்றி. நானும் என் மனைவியும் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்போம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் குறைகளில் புதிதாக ஒன்று சேர்ந்தது. ஓரம். "ஓரத்தை யாரும் வரைவதில்லை" என்று எழுதினார். "நடுவில் நிற்கிற கதாநாயகியின் தலைமுடியை ஒவ்வொன்றாக வரைகிறார்கள், அவளுக்கு இடது பக்கம் ஒன்றுமே இல்லை. சோம்பேறித்தனம்." அடுத்த படத்துக்கும் அதேதான். அதற்கடுத்ததில் சந்தைக் காட்சியில் பாதிக் கூட்டத்தைக் காணோம் என்று திட்டினார். "எங்க மனசுல இருந்ததை அப்படியே சொல்லிட்டீங்க" என்று வாசகர்கள் வரிசையில் நின்று ஆமாம் போட்டார்கள். ஒன்பதாயிரம் பேர், பதினெட்டாயிரம் கண்கள். ஒருவராவது படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தாரா? எனக்கு இப்போதும் அவர்கள் மேல் ஆத்திரம் தீரவில்லை. என் மேலும்தான்.

ஏனென்றால் நான் பார்த்தேன். ஒரு விளையாட்டில் கையில் விளக்கோடு ஓர் உருவம் வரும். இடப்பக்கத்து வயல்வெளியில், தூரத்திலிருந்து, மிக மெதுவாக நடந்து வரும். கிட்டே வந்து தொட்டால் கதை முடிந்தது. மச்சான் அதனிடம் பதினோரு தடவை செத்தார். "எச்சரிக்கையே இல்லாமல் குதிக்கிறது, இது அநியாயம், இரண்டு மார்க்" என்று எழுதினார். நான் ஒரு தடவைகூடச் சாகவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன்பே அது வருவது தெரியுமே, ஒதுங்கிவிடலாமே! மச்சானுக்கு வயதாகிவிட்டது, கை வேகம் குறைந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த மாதம்தான் வண்டி ஓர் இரும்பு அடுக்கின் இடது காலை உரசியது. "அடுக்கை எவனோ நகர்த்தி வச்சிருக்கான்" என்றார். தரையில் போல்ட் போட்டு முறுக்கிய அடுக்கு அது, யானை வந்தாலும் நகராது. இரண்டு வாரம் கழித்து ஏழாவது சந்தில் வண்டி சட்டென்று என் பக்கம் திரும்பியது. நான் அடுக்கோடு அடுக்காக ஒட்டிக்கொண்டேன். இரும்புக் கை என் சட்டையின் நடுப்பொத்தானைப் பிய்த்துக்கொண்டு போனது.

வண்டி நின்றது. மச்சானுக்கு முகம் வெளிறிவிட்டது.

"மாப்பிள்ளை! நீ எங்கேருந்து வந்தே?"

"சந்து ஆரம்பத்திலேருந்து கூடவேதான் வர்றேன்."

"பூனை மாதிரி வந்தா எனக்கு எப்படித் தெரியும்? விசில் அடிச்சுக்கிட்டு வா."

அன்றிலிருந்து நான் விசிலடித்துக்கொண்டே நடந்தேன். கிடங்கில் எல்லாரும் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். விசில் நின்றால் நான் செத்தேன் என்பது போல, மூச்சு வாங்கினாலும் விடாமல் அடித்தேன். ஆனால் ஏன் அடிக்கிறேன் என்று உட்கார்ந்து யோசிக்கவில்லை.

வருடாந்திரக் கண் பரிசோதனையும் வந்தது. சுவரில் தொங்கும் எழுத்துகளைக் கடைசி வரி வரை தடதடவென்று படித்தார் மச்சான். எழுத்து நேர் எதிரே இருந்தது, பிறகென்ன? "கழுகுக் கண்ணு சார் உங்களுக்கு" என்று சொல்லிச் சான்றிதழில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அதற்கு மச்சான் ஒன்பது மார்க் போட்டார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வழக்கம்போல எங்கள் வீட்டில் படம் பார்த்தோம். தையல்காரி ஒருத்தி தொலைந்துபோன கணவனைத் தேடி ஊர் ஊராகப் போகும் கதை. துணி மடித்துக்கொண்டே என் மனைவியும் அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தக் கார்ட்டூன் சமாசாரமெல்லாம் ஆகாது. படம் முடிந்ததும் மச்சான் தீர்ப்புச் சொன்னார்.

"கதை பரவாயில்லை. ஆனா ஓரம் எல்லாம் காலி. நாலு மார்க்."

"நாலா? எனக்கு அந்தப் பூனைதாண்ணா பிடிச்சிருந்தது" என்றாள் மனைவி.

"எந்தப் பூனை?"

"அவ போற ஊருக்கெல்லாம் பின்னாடியே வருதே, இடது மூலையில. முதல் காட்சியிலேருந்து இருக்கே. கடைசியில அதுதானே அவளைப் புருஷன்கிட்ட கூட்டிட்டுப் போகுது?"

"கடைசியில அவ தானாத்தானே வழி கண்டுபிடிக்கிறா?"

மனைவி மடித்துக்கொண்டிருந்த சட்டையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் படத்தைப் பின்னால் ஓட்டி நிறுத்தினேன். மழைத் தெரு. நடுவில் தையல்காரி. இடது மூலையில், ஒரு படிக்கட்டில், சாம்பல் நிறப் பூனை. மச்சான் நேராகப் பார்த்தார். "இல்லையே" என்றார். பிறகு மெல்லக் கழுத்தைத் திருப்பினார். பார்த்துவிட்டார்.

வேறு காட்சி கேட்டார், வைத்தேன். மறுபடி கேட்டார். ஆறு காட்சி. ஒவ்வொன்றிலும் முதலில் நேராகப் பார்த்தார், அப்புறம் கழுத்தைத் திருப்பினார். ஆறிலும் பூனை இருந்தது. அப்புறம் என் சட்டையைப் பார்த்தார். நடுப்பொத்தான் மட்டும் வேறு நிறம்.

"டிவியை அணைச்சிடு" என்றார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பிப் போய்விட்டார்.

கதவு சாத்தியதும் மனைவி அழுதாள். "நாளைக்கு அண்ணன் வண்டி ஏறக்கூடாது. பக்கத்துல நடக்கறது நீங்க."

மேலாளரிடம் நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருபத்தாறு வருடம் உட்கார்ந்த இருக்கையிலிருந்து அவரை இறக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். எனக்குப் பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஒரு முடிவுக்கும் வராமலே திங்கட்கிழமை காலை கிடங்குக்குப் போனேன்.

எனக்கு முன்பே மச்சான் வந்துவிட்டார். வேறு யாரும் வரவில்லை. ஏழாவது சந்தின் முனையில், வண்டியின் மோட்டார் முனகிக்கொண்டிருக்க, இருக்கையில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"விசிலை நிறுத்து மாப்பிள்ளை. உன் இடத்துல போய் நில்லு."

ஒரு கணம், மச்சான் என்ன செய்யப்போகிறார் என்றே புரியவில்லை. இருந்தாலும் போய் நின்றேன். வண்டிக்கு இடப்பக்கம், மூன்றடி தள்ளி.

"நான் நேரா அந்தத் தூணைப் பார்த்துக்கிட்டே இருக்கேன். கழுத்தைத் திருப்ப மாட்டேன். நீ கையைத் தூக்கு. தெரிஞ்சதும் சொல்றேன்."

தூக்கினேன். மோட்டார் முனகியது. அவர் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு கையையும் தூக்கினேன். அட்டையை ஆட்டினேன். ஓர் அடி முன்னால் வந்து, தலைக்கு மேலே இரண்டு கையையும் வீசினேன்.

"ம், தூக்கு மாப்பிள்ளை."

"தூக்கிட்டுத்தான் நிக்கிறேன் மச்சான்."

"எப்பலேருந்து?"

"நீங்க முதல்ல சொன்னப்பவே."

மோட்டாரை நிறுத்தினார். சந்து முழுக்க அமைதியாகிவிட்டது. சாவியை உருவி, தூணிலிருந்து கண்ணை எடுக்காமலே என் பக்கம் நீட்டினார். நான் நிற்கிற இடத்துக்கு வெகுதூரம் முன்னால், யாரும் இல்லாத இடத்தில் நீட்டிக்கொண்டிருந்தார்.

வண்டியைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் நின்று, சாவியை வாங்கிக்கொண்டேன்.