சவுனாவில் சொன்ன பதில்

கடலடி கேபிள் அறுந்த வாரம், கடலோரக் காவல்படையின் செய்தித் தொடர்பாளரான என் அக்கா கணவர் ஓர்வோவைப் பின்லாந்தே திட்டியது. அரசாங்கம் எதையோ மறைக்கிறதாம். சனிக்கிழமை சவுனாவில் அவரைப் பிடித்துக்கொண்டேன். அந்த வெந்நீராவி அறையில் உடையோடு பதவியையும் கழற்றிவிட வேண்டும். அங்கே பொய் சொல்பவன் எங்களுக்கு மனிதனே இல்லை.

“இப்பவாவது சொல்லுங்க மச்சான், அந்தக் கப்பல்காரனுங்க வேணும்னே அறுத்தானுங்கதானே? வாய்க்கு என்ன பூட்டா?”

சூடான கற்களில் தண்ணீரை ஊற்றினார். “கடலடியில கப்பலோட நங்கூரம் இழுத்த தடம் இருக்கு. வேணும்னு இழுத்தானான்னு தெரியல. தெரிஞ்சா சொல்றேன்.”

“நல்லா மழுப்புறீங்க!”

மறுநாள் தொலைக்காட்சியில் சீருடையோடு வந்தார். தடம் இருக்கிறது, நோக்கம் தெரியவில்லை, தெரிந்ததும் சொல்வோம் என்றார். அம்மணமாக எனக்குச் சொன்னதைத்தான் நாட்டுக்கும் சொன்னார்.

அன்று மதுக்கடையில் ஒருவன் அவரைப் புளுகன் என்றான். சட்டையைப் பிடித்துவிட்டேன். “யாரைடா சொல்ற? அவர் என் மச்சான்டா!”