பிடிக்கக் கூடாத கை

ராஜபாளையத்திலிருந்து மம்சாபுரம் தாண்டி மலையடிவாரத்துக்குப் போகிற தார் ரோடு ஓரிடத்தில் சட்டென்று முடிந்துவிடும். அதற்கு மேல் கல்லும் சரளையும்தான். அதில் மூன்று கிலோமீட்டர் போய் ஓடையைத் தாண்டினால் சோலைச்சாமி அண்ணனின் ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு. ஆட்டோ வராது. சாதா பைக் போனால் இன்ஜின் அடியில் கல் இடித்து ஆயில் ஒழுகும். அப்படி ஒழுகிய வண்டிகளைச் சரிபண்ணியே மம்சாபுரத்தில் ஒர்க் ஷாப் வைத்துப் பிழைக்கிறவன் நான், லிங்கேஸ்வரன்.

அண்ணனுக்கு அந்த டிரெயில் பைக்கைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் மலை ஏறி விளையாட வாங்கி, கால் எலும்பு முறிந்ததும் விற்றுவிட்டான். கழுதை உயரம் இருக்கும். அவர் மனைவி குருவம்மாள் மதினி அதில் ஏற வேண்டுமென்றால் வாசலில் போட்டிருக்கிற துவைகல் மேல் ஏறி, அதிலிருந்து காலைத் தூக்கிப் போட வேண்டும். அவனுக்கு விளையாட்டு, இவர்களுக்கு அது இல்லாவிட்டால் உயிர் இல்லை.

மதினிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் ராஜபாளையத்தில் டயாலிசிஸ். மிஷினில் நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ஊசி போடுவதற்காக இடது கையில் இரண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே கிர்ரென்று ரத்தம் ஓடுவது தெரியும். ஓடினால்தான் கை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. அண்ணன் தினமும் காலையில் விரல் வைத்துப் பார்ப்பார். ஒர்க் ஷாப்புக்கு வந்தால் நானும் வைத்துப் பார்த்து, நின்றபடி ஓடுகிற இன்ஜினைச் சொல்வதுபோல, "ஐடிலிங் நல்லா இருக்கு மதினி" என்பேன். அவர் சிரிப்பார்.

தண்ணீர் ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான். இளநீர் கூடவே கூடாது. தென்னந்தோப்புக்காரிக்கு இளநீர் விஷம் என்றால் எந்தச் சாமியிடம் போய்ச் சண்டை போடுவது?

இடது கையால் பிடிக்கக் கூடாது, வலது கை மட்டும் போதாது. அதனால் அண்ணன் ஒரு நீளத் துண்டால் இருவர் இடுப்பையும் சேர்த்துக் கட்டுவார். முடிச்சு மதினியின் இடுப்போரம் வரும். முன்னால் வந்தால் தன் வயிற்றில் குத்துகிறது என்பார் அண்ணன்.

டவுனுக்குக் குடிபோகச் சொல்லி நானே பலமுறை திட்டியிருக்கிறேன். போன வருஷம் மதினியின் தம்பி வீட்டில் இரண்டு மாதம் இருந்தார்கள். ஆள் இல்லாத தோப்பில் யானை இறங்கிப் பதினொரு மரத்தைச் சாய்த்துக் குருத்தைத் தின்றுவிட்டுப் போனது. சோறு போடுகிற மரம். திரும்பி வந்துவிட்டார்கள். ஓடைக்குப் பாலம் வரும் என்று நான் ஓட்டுப் போட ஆரம்பித்த நாளிலிருந்து கேட்கிறேன். பாலம் வந்தபாடில்லை, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களின் கார்தான் மாறிக்கொண்டே இருக்கிறது.

இந்த ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை மலையில் கொட்டித் தீர்த்தது. வெள்ளிக்கிழமை ஓடையில் மார்பளவு தண்ணீர். மிஷினில் படுக்கிற நாள் தப்பிப்போனது. சனிக்கிழமையும் வடியவில்லை. ஞாயிறு காலையில் அண்ணன் போன் பண்ணினார். பாறை மேல் ஏறினால்தான் அங்கே டவர் கிடைக்கும்.

"ஏலே லிங்கம், அவளுக்கு மூச்சு வாங்குதுலே. படுக்க முடியல. ரெண்டு நாளா உக்காந்தே கெடக்கா. மூஞ்சி வீங்கிருச்சு."

"ஓடையில தண்ணி எம்புட்டுண்ணே?"

"தொடைக்கு மேல. நான் எறங்கப் போறேன்."

"செத்த நேரம் பொறுங்கண்ணே, வாரேன்."

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன். கண்மாய் உடைந்த ஊருக்கு வண்டி போயிருக்கிறது, வர மத்தியானம் ஆகும் என்றார்கள். ஆம்புலன்ஸ் தார் ரோடு முடிகிற இடம் வரைக்கும்தான் வர முடியும். நான் வடக்கயிற்றை எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்துச் சோணைமுத்துவையும் கூட்டிக்கொண்டு ஓடைக்கு இந்தக் கரையில் போய் நின்றேன். கயிற்றின் ஒரு முனையை மருதமரத்தில் கட்டி, மறுமுனையை என் இடுப்பில் கட்டிக்கொண்டு, வண்டி வருகிற வழிக்குக் கொஞ்சம் கீழே தண்ணீரில் இறங்கினேன். அடித்துக்கொண்டு வந்தால் பிடிக்கலாம் என்று கணக்கு. மூக்கிருக்கும் வரை சளி இருக்கும். கயிறு இருக்கும் வரை நம்பிக்கை.

மழைக்கு முன்பே அண்ணன் வண்டியின் சைலன்சரில் இரும்புக் குழாய் வைத்து சீட் உயரத்துக்கு ஏற்றிவிட்டிருந்தேன். இன்ஜின் காற்று இழுக்கிற வாயையும் டேங்குக்கு அடியில் தூக்கிவிட்டிருந்தேன். பர்ஸ்ட் கியரிலேயே வர வேண்டும், நடுவில் ஆக்சிலேட்டரை விடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

அக்கரையில் இருவரும் ஏதோ வாக்குவாதம் பண்ணுவது தெரிந்தது. தண்ணீர் இரைச்சலில் காது கேட்கவில்லை. பிறகு அண்ணன் துண்டைக் கட்டினார். வண்டி இறங்கியது.

நடு ஓடையில் தண்ணீர் டேங்கைத் தொட்டது. முன்சக்கரம் ஒரு கல்லில் வழுக்கி வண்டி என் பக்கமாகச் சாய்ந்தது. நான் கையை நீட்டிக்கொண்டு முன்னால் எட்டினேன். அப்போது மதினியின் இரண்டு கையும் அண்ணனின் வயிற்றில் கோத்திருந்ததைப் பார்த்தேன். இரண்டு கையும். பார்த்தேனே தவிர, மண்டையில் ஏறவில்லை. அண்ணன் காலை ஊன்றி நிமிர்த்தி, இன்ஜின் கத்தக் கத்தக் கரையேறினார். சோணைமுத்து கையெடுத்துக் கும்பிட்டான்.

"எம்புட்டு இறுக்கிப் பிடிச்சா தெரியுமாலே!" என்றார் அண்ணன். பல்லெல்லாம் தெரிந்தது. "ஒடம்புல இன்னும் பலம் இருக்கு. பொழைச்சுக்கிடுவா."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சீட்டிலிருந்து துண்டு நழுவித் தரையில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்து அவசரமாக மறுபடி கட்டினார். அங்கிருந்து ஆம்புலன்ஸ் வரைக்கும், அடி இடித்தாலும் இடிக்கட்டும் என்று கொண்டுவந்திருந்த என் வண்டியில் பின்னாலேயே போனேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மதினியின் இடது கையில் விரலை வைத்தது. இடம் மாற்றி வைத்தது. பிறகு டாக்டர் வந்து காதுக்குழாயை வைத்துக் கேட்டுப் பார்த்தார்.

"இந்தக் கையால எதையாவது அழுத்திப் பிடிச்சாங்களா?"

அண்ணன் அந்தக் கையையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "லிங்கம், நீ வச்சுப் பாருலே. ஒனக்குத் தெரியும்லா" என்றார். நான் விரலை வைத்தேன். கிர்ரென்ற ஓட்டம் இல்லை. சும்மா கை, ஈரமாக, குளிர்ந்துபோய்.

கழுத்தில் குழாய் போட்டு அன்றைக்கு உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கையில் தைத்த இடம் அடைபட்டுப்போனது. மதுரைக்குப் போய் வேறு இடத்தில் தைத்து, அது பக்குவப்பட இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை கழுத்துக் குழாய்தான். அதில் தண்ணீர் படக் கூடாது. ஓடையைத் தாண்டிப் போகிறவளுக்கு இப்படி ஒரு பத்தியம்.

"எல்லாம் என்னாலதாம்லே" என்று அண்ணன் வராண்டாவில் தலையில் அடித்துக்கொண்டார். "முடிச்ச ஒழுங்காப் போடல. நடுத்தண்ணியில அவுந்திருக்கு. அதான் அவ ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கா."

எனக்கு அங்கேதான் உறைத்தது. நான் கயிறோடு புழங்குகிறவன். துணி முடிச்சு நனைந்தால் இறுகும், தானாக அவிழாது.

அவர் மருந்து வாங்கப் போன நேரம் மதினியின் பக்கத்தில் போய் நின்றேன். நான் கேட்கவே இல்லை. அவரே சொன்னார்.

"நனையுறதுக்கு முன்னாலயே நாந்தான் அவுத்தேன் தம்பி. கட்ட வேணாம்னு எம்புட்டோ சொன்னேன், கேக்கல. தண்ணி இழுத்தா நான் போறேன், அவிய எதுக்கு எங்கூட வரணும்?" மூச்சு வாங்கியது. "அவுத்த பொறவு பயம் வந்துருச்சு. பிடிச்சுக்கிட்டேன். எந்தக் கைன்னு யோசிக்கல. அவியகிட்டச் சொல்லாதீக."

சரி என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் தண்ணீர் முழங்காலுக்கு வடிந்தது. அண்ணன் மதினியைக் கூட்டிக்கொண்டு ஒர்க் ஷாப்புக்கு வந்தார். ஆளே பாதியாகியிருந்தார். கையில் ஒரு பழைய லாரி பெல்ட்.

"இனிமே துண்டு வேணாம்லே. இதுல ஒரு கொக்கி வச்சுக் குடு. தானா அவுரக் கூடாது. அவ பக்கமே வையி, முன்னால குத்தும்."

மதினி ஸ்டூலில் உட்கார்ந்து, கழுத்துக் கட்டைத் துணியால் மூடிக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த மனுஷன் தன் முடிச்சை நொந்துகொள்வதாவது நின்றிருக்கும். சொன்னால் மதினிக்குக் கொடுத்த வாக்குப் போகும். சொல்லவும் துப்பில்லை, சொல்லாமல் நிம்மதியாக இருக்கவும் துப்பில்லை. வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொக்கியை முன்பக்கம், அண்ணனின் நெஞ்சுக்கு நேராக வைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் திறக்கும். ஒற்றைக் கைக்குத் திறக்காது, அண்ணனுக்குத் தெரியாமலும் திறக்காது. வண்டி விழுந்தால் இரண்டு பேரும்தான். தெரிந்தேதான் வைத்தேன்.

"குத்துமே லிங்கம்" என்றார் அண்ணன்.

"குத்தட்டும்ணே."

ஸ்டூல் மேல் ஏறி மதினி வண்டியில் உட்கார்ந்தார். அண்ணன் பெல்ட்டை மாட்டினார். மதினி வலது கையைப் பின்னாலிருந்து கொண்டுவந்து கொக்கியைத் தடவினார். அமுக்கிப் பார்த்தார். இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார். பிறகு கையை எடுத்து அண்ணனின் தோளில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் கை கழுவப் போய்விட்டேன்.