பெரட்டுக்குக் கூப்பிட்ட பங்க் பாட்டு

கைக்கு வரும் எந்தக் கடிதத்துக்கும், பதில் தயாராக இல்லாவிட்டாலும், ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ என்று ஒரு வரி உடனே அனுப்பிவிட வேண்டும். அரசாங்க அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரமே நான் கற்றுக்கொண்ட விதி இது. ஓய்வு பெறும் நாள்வரை மீறியதில்லை. எழுபதுகளில் இரைச்சலையே பாட்டாக்கிய ஆங்கில பங்க் இசைக்குழுக்கள் இந்த விதியைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது போன ஆண்டுதான் எனக்குத் தெரியவந்தது.

சம்பவம் தொடங்கியது மலேசியாவில், எங்கள் ஜொகூர் மாநிலத்துப் பெக்கான் நானாஸில், உறவுக்காரப் பெண்ணின் நிச்சயதார்த்த விருந்தில். மூவாரிலிருந்து நானும் என் மனைவியும் மனைவியின் அக்காவும் போயிருந்தோம். அக்கா ஓய்வு பெற்ற மருத்துவமனைத் தாதி. திருமணம் செய்துகொள்ளவில்லை. எங்களுக்குப் பின் தெருவில் தனியாக இருக்கிறார். ஞாயிறு மதியச் சாப்பாடு மட்டும் எங்கள் வீட்டில். அவரைப் பற்றிக் குடும்பத்தின் பொதுக் கருத்து இதுதான்: நல்லவர், ரத்த அழுத்தம் பார்ப்பார், மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை.

விருந்தில் உருமி மேளம் காதைப் பிளந்தது. நான் வழக்கம்போல முணுமுணுத்தேன். அக்கா சிரித்தார்.

“இதெல்லாம் ஒரு சத்தமா, மாப்ள? நான் இங்கிலாந்துல பங்க் ரெக்கார்டுலயே கத்தியிருக்கேன்.”

மேசையே அவர் பக்கம் திரும்பியது. எழுபதுகளில் தாதிப் பயிற்சிக்கு இங்கிலாந்து போனார், குளிரில் நடுங்கினார், திரும்பி வந்தார். எங்களிடம் இருந்த வரலாறு அவ்வளவுதான். அவர் சொன்னது வேறு கதை. மணிக்கட்டு முறிந்து அவருடைய வார்டில் ஒரு பெண் சேர்ந்தாளாம். அவள் ஒரு பங்க் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவள். மாவுக்கட்டு பிரித்த பிறகு, குழுவின் ஒலிப்பதிவுக்கு அக்காவையும் அழைத்துப் போனாளாம். பாட்டு நடுவில் யாராவது வாய்க்கு வந்ததைக் கத்த வேண்டும் என்றார்களாம். அக்காவின் வாய்க்கு வந்தது, தோட்டத்தில் கங்காணியாக இருந்த அவர் அப்பா விடியுமுன் தொழிலாளர் லயத்து வாசலில் நின்று போடும் சத்தம்.

“எந்திரி! எந்திரி! பெரட்டுக்கு நேரமாச்சு!”

பெரட்டு என்றால் வேலைக்கு அனுப்புமுன் ஆள் கணக்கெடுப்பது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் கேட்டாலே தூக்கம் போய்விடும்.

“பெரியம்மா, தலையில சேவக் கொண்டையும் வெச்சிருந்தீங்களா?” என்றாள் ஒருத்தி.

“அலமாக், பெரியம்மாவுக்கு சுகர் ஏறிருச்சு லா!” என்றான் இன்னொருவன்.

எல்லாரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, நான் என் பங்கைச் செய்தேன். “ஆதாரம் ஏதும் இருக்காக்கா?”

அக்கா முகம் சுருங்கியது. “அந்த ரெக்கார்டு வீடு மாறுறப்ப தொலைஞ்சுபோச்சு. நீங்களே தேடிப் பாருங்க, மாப்ள. கிடைக்கலன்னா நான் பொய்க்காரின்னு எழுதி, சாப் குத்திக் கொடுத்துடுங்க.” சாப் என்றால் எங்கள் பக்கத்தில் அலுவலக முத்திரை.

அடுத்த ஞாயிறு அவர் சாப்பிட வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. என் மனைவி வைத்த மூன்றாவது தட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, “நீங்கதானே ஆதாரம் கேட்டீங்க? நீங்களே போய்த் தேடுங்க” என்றாள். அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது.

குழுவின் பெயரை என் மனைவி தொலைபேசியில் கேட்டு வாங்கித் தந்தாள். பயனில்லை. ஒரே ஒரு ரெக்கார்டு போட்ட அந்தக் குழு மூன்று தடவை பெயர் மாற்றியிருந்தது, எங்கும் பதிவு செய்யாமல். ஆகவே அந்தக் காலத்துக் குழுக்களை இணையத்தில் வரிசையாகக் கேட்க ஆரம்பித்தேன். புகழ் பெற்றவர்களை விட்டுவிட்டேன். யாரும் சீண்டாதவர்கள்தான் எனக்கு வேண்டும். கிடாரே இல்லாத குழு, வாசிக்கத் தெரியாததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட குழு, தகர டப்பாவைத் தட்டிய குழு.

“என்னங்க, பிளெண்டர்ல கல்லு கில்லு போட்டீங்களா?” என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

முதலில் கடமைக்காகக் கேட்டேன். பிறகு ஒரு நாள், நான்கு பெண்கள் பாடிய ஒரு பாட்டு மாட்டியது. வேலையில்லாதவர்களுக்கான அலுவலகத்தில் வரிசையில் நிற்பதைப் பற்றி. கவுன்டர்க்காரர் நிமிர்ந்தே பார்க்காமல் ‘அடுத்த ஜன்னல்’ என்கிறார். பாட்டு முழுக்க அதே சொல்தான். பின்னால் பேஸ் கிடார், கால் கடுத்தவர் எடை மாற்றி நிற்பதைப் போலத் தயங்கித் தயங்கி நகர்கிறது. பணிக்காலம் முழுவதும் கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன் நான். வெளியே நின்றவர்கள் மனசுக்குள் என்ன மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அன்றுதான் கேட்டேன். அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டேன். அதன் பிறகு நான் தேடியது அக்காவுக்காக மட்டும் என்று சொன்னால் அது பொய்ச் சான்றிதழ்.

கேட்டதோடு நிற்காமல், முகவரி கிடைத்த குழுக்களுக்கெல்லாம் மின்னஞ்சல் எழுதினேன். பொருள், பார்வை, ‘தங்கள் மேலான கவனத்துக்கு’ எல்லாம் முறைப்படி. அக்கா என்ன கத்தினார் என்பதை மட்டும் எழுதவில்லை. சாட்சிக்குப் பதிலைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்கக் கூடாது. மாதக்கணக்கில் மௌனம். ஒருவர் மட்டும் ஒரே சொல்லில் பதில் அனுப்பினார். அந்தச் சொல்லை இங்கே அச்சிட முடியாது. இருந்தாலும், உடனுக்குடன் பதில் போட்டவர் அவர் ஒருவர்தான் என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

கடைசியில் அந்த டிரம்ஸ் பெண்ணிடமிருந்தே பதில் வந்தது; நான் எழுதிய குழுக்களில் ஒன்று என் கடிதத்தை அவருக்கு அனுப்பிவைத்திருந்தது. இப்போது அவருக்கும் அக்கா வயதுதான். ‘உங்கள் கடிதம் கிடைத்தது’ என்று தொடங்கியிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜொகூரிலிருந்து வந்த அந்தத் தாதியை மறக்கவே முடியாது, வேலை முடிந்து சீருடையோடு ஓடி வந்தாள், அவள் கத்தியது என்ன மொழி என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது, போர் முழக்கம் என்று நினைத்துக்கொண்டோம் என்று எழுதி, பாட்டையும் இணைத்திருந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்து போட்டேன். டிரம்ஸ் உருமி மேளத்துக்குச் சளைக்காமல் இடித்தது. நடுவில் சட்டென்று எல்லாம் நின்றது. அந்த அமைதியில் ஓர் இளம்பெண்ணின் குரல், தமிழில்:

“எந்திரி! எந்திரி! பெரட்டுக்கு நேரமாச்சு!”

நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த என் மனைவி மாவுக் கையோடு ஓடி வந்தாள். “எங்கப்பா மாதிரியே இருக்குங்க! எங்கப்பாவேதான்!”

கைப்பேசியை எடுத்துக்கொண்டு பின் தெருவுக்குப் போனோம். அக்கா வாசலிலேயே நின்று முழுவதும் கேட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கொஞ்சம் தாமதமா கத்திட்டேன் போல. பரவால்ல. சாப் எங்க, மாப்ள?” என்றார்.

மறுநாள் மதியம் மூன்றாவது தட்டு மேசைக்குத் திரும்பியது. பெக்கான் நானாஸ் கூட்டமும் வந்திருந்தது. பெரியம்மாவைக் கத்திக் காட்டச் சொல்லிக் கெஞ்சினார்கள். அவர் நன்றாகக் கெஞ்ச விட்டுத்தான் கத்தினார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அந்தக் குழுக்களை நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஞாயிறுகளில் அக்காவும் கேட்டு, யார் தாளம் தப்பினார்கள் என்று தீர்ப்புச் சொல்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்று கோப்பை மூடிவிடக் கூடாது என்று எனக்குக் கற்றுத்தந்த அந்த டிரம்ஸ் பெண்ணின் பதில் வந்து சேர்ந்தது, தீபாவளிக்கு முந்தின நாள் காலையில்.