தேடினால் வராத ஆயா சென்டர்

1. பன்னிரண்டாம் நாள்

"என் சென்டர் பேரை அடிச்சா, நான் விட்டுட்டு வந்த சென்டர்தான் வருது. அப்ப நான் எங்கதான் இருக்கேன் தீதி?"

எங்கள் வாடிக்கையாளர் மௌசுமிதி கேட்ட இந்தக் கேள்விக்கு அன்று நான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். "இப்பத்தானே பன்னெண்டு நாள் ஆகுது. புது சைட் தேடுபொறியோட பட்டியல்ல ஏற, அதான் இண்டெக்ஸ் ஆக, நேரம் எடுக்கும் தீதி" என்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

இப்போது நான் வேலை பார்ப்பது கல்கத்தாவின் நியூ டவுனில், அடையாள அட்டையைக் காட்டினால்தான் கதவு திறக்கும் ஓர் அலுவலகத்தில். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மதியச் சாப்பாட்டின்போது பழைய கதை கேட்பார்கள். ஜெயித்த கதைகளைச் சொல்லிச் சமாளித்துவிடுவேன். இதை மட்டும் சொன்னதில்லை, அதனால் எழுதுகிறேன். அம்மா பேசியதைத் தவிர, பேச்செல்லாம் வங்காள மொழியில்தான் நடந்தது. எனக்குள் அது தமிழாகத்தான் தங்கியிருக்கிறது, அப்படியே தருகிறேன். பேரோடு வரும் தி, தீதி என்றால் அக்கா, தா என்றால் அண்ணன்.

அப்போது எங்கள் ஆபீஸ் பவானிபூரில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இரண்டு அறை. மின்விசிறி சுற்றினால் பேப்பர் பறக்கும், நிறுத்தினால் நாங்கள் வெந்துபோவோம். முதலாளி சமீர்தாவையும் சேர்த்து ஐந்து பேர். மற்றவர்கள் சைட் கட்டுவார்கள். கட்டிய சைட்டைத் தேடுபொறியில் வரவைப்பது என் வேலை. ஒரு புது சைட் முதன்முதலாகத் தேடலில் தலைகாட்டினால் "எஷே கேச்சே!" என்று கத்துவோம், வந்துவிட்டது என்று. அந்தச் சத்தம் கேட்டாலே கீழே டீக்கடைக்காரர் சொல்லாமலே ஐந்து மண்குவளையை எடுத்து வைத்துவிடுவார். இன்று ஒரே நாளில் நூறு பக்கம் இண்டெக்ஸ் ஆனாலும் யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்தக் கத்தலுக்காகவே அந்த ஆபீஸ் எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.

2. இரண்டு பூட்டு

வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கவனித்துக்கொள்ளப் பெண்களை அனுப்பும் இடத்துக்குக் கல்கத்தாவில் ஆயா சென்டர் என்று பெயர். பகலுக்கு ஓர் ஆயா, இரவுக்கு ஓர் ஆயா. மௌசுமிதி அப்படி ஒரு சென்டரில் பதினான்கு வருடம் ஆயாவாக இருந்தவர். அங்கே நடத்திய விதம் பொறுக்காமல் வெளியே வந்து, பவானிபூரிலேயே ஒரு கீழ்த்தள அறை பிடித்துச் சொந்தமாகச் சென்டர் தொடங்கினார். அவரை நம்பிப் பதினொரு பெண்கள் கூடவே வந்தார்கள். பழைய வாடிக்கை வீடுகளின் போன் நம்பரெல்லாம் பழைய சென்டர் நோட்டில் இருந்தது. அதை எடுத்து வருவது திருட்டு என்று விட்டுவிட்டார். ஆகவே அந்த வீடுகள் இவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் வெப்சைட்.

பொய்லா பொய்ஷாக், அதாவது வங்காளப் புத்தாண்டு அன்று பூஜை போட்டுத் தொடங்க வேண்டும் என்றார். அதற்கு முன்னால் சைட் யார் கண்ணிலும் படக்கூடாது. இது இங்கே எல்லாக் கடைக்காரர்களுக்கும் உள்ள வழக்கம். முன்பு ஒரு மிட்டாய்க் கடையின் சைட் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே தேடலில் வந்துவிட, அதன் முதலாளி எங்கள் மாடிப்படியில் நின்று போட்ட சத்தத்தில் ஹார்டுவேர் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார். அன்றிலிருந்து சமீர்தா ஒரு விதி வைத்தார். முகூர்த்த சைட்டுக்கு இரண்டு பூட்டு.

பூட்டு என்றால், 'இந்தப் பக்கத்தை உன் பட்டியலில் சேர்க்காதே' என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஒரு வரி. நோஇண்டெக்ஸ் என்போம். ஒன்றைப் பக்கத்தின் கோடில், அதாவது நிரலில், போடுவோம். இன்னொன்றை சர்வரில் போடுவோம். கோடில் இருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். சர்வரில் இருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. முகூர்த்தம் ஆனதும் இரண்டையும் எடுக்க வேண்டும்.

அந்த வருடம் அவர்களுடைய புத்தாண்டும் நம்முடைய சித்திரை ஒன்றும் ஒரே நாளில் விழுந்தன. அப்பா கார்டன் ரீச்சில் ரயில்வேயில் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகும் திருநெல்வேலிக்குத் திரும்பாமல் அங்கேயே வீடு பார்த்துக்கொண்டவர். பூஜை மணிச் சத்தம் மௌசுமிதியின் போன் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தபோதே என் இன்னொரு போனில் அம்மா.

"ஏட்டி, எல்லாரும் எலையில உக்காந்தாச்சு. மாங்காப் பச்சடி காயுது. இன்னும் என்னத்த நோண்டிக்கிட்டு இருக்க?"

"இந்தா கெளம்பிட்டேம்மா" என்றேன். கோடில் இருந்த பூட்டை எடுத்தேன். பக்கத்தைத் திறந்து பார்த்தேன், சுத்தமாக இருந்தது. சைட்டில் என்னென்ன பக்கம் இருக்கிறது என்று சொல்லும் சைட்மேப்பைத் தேடுபொறிக்குக் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். பச்சடி அருமையாக இருந்தது.

3. நேரம் எடுக்கும்

இந்தத் தொழிலில் எங்களுக்குக் கைவசம் ஒரு பதில் உண்டு. 'நேரம் எடுக்கும்.' பத்துக்கு ஒன்பது முறை அது உண்மை. புது சைட்டைத் தேடுபொறியின் க்ராலர் வந்து பார்த்து, படித்து, பட்டியலில் சேர்க்க நாள் ஆகும்தான். உண்மையாக இருப்பதுதான் அந்தப் பதிலில் உள்ள ஆபத்து. சொல்லிப் பழகிவிட்டால் பிறகு எதையும் பார்க்கவே தோன்றாது.

மௌசுமிதி இருபத்தைந்தாம் நாள் மறுபடி வந்தார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் குடை, வேர்த்து வழியும் முகம். தண்ணீர் கொடுத்தும் வாங்கவில்லை.

"நாலு பேர் பழைய இடத்துக்கே போயிட்டாங்க தீதி."

"ஏன்?"

"அந்த சென்டர் ஆளு அவங்ககிட்ட சொல்லியிருக்கான். 'எங்க அவ வெப்சைட்? தேடிப் பாரு, வருதா? உங்களுக்கு மட்டும் ஒரு லிங்க்கை அனுப்பி ஏமாத்துறா'ன்னு. அவங்களும் தேடிப் பார்த்தாங்க. வரல. பதினாலு வருஷம் அவங்களோட ஒரே தட்டுல சாப்பிட்டவ நான். இப்ப என்னைப் பொய்க்காரின்னு நினைக்கிறாங்க."

லிங்க் இருந்தால் சைட் திறக்கும்தான். ஆனால் லிங்க் அனுப்ப ஆள் தெரிய வேண்டுமே. போன் மணி அடிக்காத சென்டரில் பெண்கள் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்கள்? மீதி ஏழு பேரும் மாத முடிவு வரை பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

நான் கன்சோலைத் திறந்து காட்டினேன். கன்சோல் என்பது நம் சைட் தேடுபொறிக்கு எப்படித் தெரிகிறது என்று சொல்லும் இடம். சைட்மேப்புக்கு எதிரே 'சக்ஸஸ்' என்று பச்சையில் இருந்தது. "பாருங்க, போய்ச் சேர்ந்தாச்சு. அவங்கதான் லேட் பண்றாங்க" என்றேன். அதற்குப் பக்கத்திலேயே, எந்தப் பக்கம் பட்டியலில் சேர்ந்தது, எது ஏன் சேரவில்லை என்று சொல்லும் இன்னொரு அறிக்கை உண்டு. தொடங்கிய மறுநாள் திறந்தபோது 'தகவல் தயாராகிறது' என்று இருந்தது. அதற்குப் பிறகு நான் அதைத் திறக்கவே இல்லை.

4. போர்வை

முப்பத்தெட்டாம் நாள் மௌசுமிதி வந்தபோது மழைக்கு முந்திய புழுக்கம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேரம் எடுக்கும்னு சொல்லாதீங்க. ஒண்ணு கேக்குறேன். எங்க வேலையில ட்யூட்டி மாறும்போது ராத்திரி ஆயா 'எல்லாம் நல்லா இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போவா. காதுல வாங்கிக்குவோம். ஆனா அதோட விடமாட்டோம். போர்வையைத் தூக்கி முதுகைப் பார்ப்போம், குதிகாலைப் பார்ப்போம். படுத்தே கெடக்குறவங்களுக்குப் புண்ணு அங்கதான் வரும். வெளிய தெரியாது. நீங்க போர்வையைத் தூக்கிப் பார்த்தீங்களா தீதி?"

"பார்த்தேனே" என்றேன். ரோஷம் வந்துவிட்டது. அவர் எதிரிலேயே பக்கத்தின் கோடைத் திறந்து, பூட்டு இல்லை என்று காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் நன்றாக நிரூபிக்கிறேன் பார் என்று கன்சோலில் அந்த ஒரு பக்கத்தின் முகவரியைப் போட்டுச் சோதனை ஓட்டினேன்.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. பக்கம் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. காரணம், நோஇண்டெக்ஸ். இருக்கும் இடம், சர்வர்.

இரண்டாவது பூட்டு. முப்பத்தெட்டு நாளாகத் தேடுபொறி அந்த வாசலுக்கு வந்து, உள்ளே வராதே என்று நான் எழுதி வைத்ததைப் படித்து, மரியாதையாகத் திரும்பிப் போயிருக்கிறது. அது லேட்டே பண்ணவில்லை.

"ஒரு நிமிஷம் தீதி" என்று எழுந்து உள் அறைக்குப் போய் சமீர்தாவிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், என்னை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த வரியை எடுத்துடு. ரெண்டு மூணு நாள்ல வந்துடும். அந்தம்மாவுக்கு சர்வரும் தெரியாது ஒண்ணும் தெரியாது. கடைசியில வந்துருச்சுன்னு சந்தோஷப்படுவாங்க. எதுக்கு வீணா?"

அப்படியே செய்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. அதை மறைக்க விரும்பவில்லை. திரும்பி வந்து அந்த வரியை எடுத்தேன், மறுபடி இண்டெக்ஸ் பண்ணச் சொல்லிக் கோரிக்கை கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தப்பு தீதி" என்றேன். "தொடங்குற அன்னைக்கு ரெண்டு பூட்டையும் எடுக்கணும். நான் ஒண்ணைத்தான் எடுத்தேன். அவசரமா வீட்டுக்குப் போயிட்டேன். அதுக்கப்புறம் பார்க்காமலே உங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டிருந்தேன்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"என்கிட்ட சொன்னது போதாது. வாங்க, அவங்ககிட்ட சொல்லுங்க."

5. ஏழு பேர்

அந்தக் கீழ்த்தள அறையில் ஏழு பெண்களும் பாயில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்கள். வேலை இல்லாதவர்களுக்கே உரிய மெதுவான சாப்பாடு. வாடிக்கையாளர் கூட்டங்களில் நான் நிறையப் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்செல்லாம் அங்கே உதவவில்லை. க்ராலர், சர்வர் என்று ஒன்றும் சொல்லவில்லை. "கடை திறந்தாச்சு. ஆனா வாசல்ல 'மூடியிருக்கு'ன்னு நான் மாட்டுன போர்டை எடுக்க மறந்துட்டேன். வந்தவங்க படிச்சுட்டுத் திரும்பிட்டாங்க" என்றேன்.

அவர்களில் மூத்தவர் சந்தியா மாஷி; மாஷி என்றால் சித்தி. பொரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப மௌசுமி எங்ககிட்ட பொய் சொல்லல?"

"இல்ல மாஷி. ஒரு வார்த்தைகூட."

அவர் மௌசுமிதியைப் பார்த்தார். மௌசுமிதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சந்தியா மாஷி எழுந்து போய் அவர் முதுகில் கை வைத்து அப்படியே நின்றார். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை சந்தியா மாஷிதான் எனக்கு போன் செய்தார். "வந்துருச்சு! எங்க எல்லாரோட போட்டோவும் வருது! என் போட்டோல நான் சிரிக்கவே இல்லையே, மாத்த முடியுமா?" என்றார். ஆபீஸில் அன்று நான் கத்தவில்லை.

6. நான்கு போன்

ஒரு வாரத்தில் சென்டரில் மணி அடிக்கத் தொடங்கியது. போய்விட்ட நான்கு பேரையும் கூப்பிடும் வேலையை மௌசுமிதி என்னிடம் கொடுத்தார். "நான் கூப்பிட்டா கெஞ்சுற மாதிரி இருக்கும். நீங்க கூப்பிட்டா அது பட்ட கடனைத் தீர்க்குற மாதிரி" என்றார். நியாயம்தான். நான்கு முறை அதே கதையைச் சொன்னேன். மூன்று பேர் திரும்பி வந்தார்கள்.

நான்காவது அல்பனா. முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"உங்க மேல கோவம் இல்ல தீதி. ஆனா இங்க ஒரு அம்மாவைப் பார்த்துக்கிட்டிருக்கேன். என் கையால ஊட்டினாத்தான் சாப்பிடுறாங்க. இந்த சென்டரை விட்டா இந்த வீட்டையும் விடணும். அவங்களை நடுவுல விட்டுட்டு வரமாட்டேன். என் படத்தை எடுத்துடுங்க. மௌசுமிதியைப் பார்த்தா..." என்று நிறுத்தி, "ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று வைத்துவிட்டாள்.

நியூ டவுன் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். 'நேரம் எடுக்கும்' என்று தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அன்றைக்குப் பார்த்துவிட்டு, அன்றைக்குச் சொல்லுங்கள். நேற்றுப் பார்த்தது நேற்றைக்கு மட்டும்தான் செல்லும்.

அல்பனாவின் படத்தை அன்றே சைட்டிலிருந்து எடுத்தேன். ஆனால் தேடுபொறி ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் உடனே விட்டுவிடாது. இன்னும் சில வாரம் தேடலில் அவள் பெயரும் முகமும் வந்துகொண்டிருந்தன. அவள் முன்பு கவனித்துக்கொண்ட வீடுகளிலிருந்து, அல்பனாதான் வேண்டும் என்று கேட்டே போன் வந்ததாம். அவள் இங்கே இல்லை என்று ஒவ்வொருவரிடமும் மௌசுமிதி சொல்லியிருக்கிறார். என் தப்பால்தான் அவள் போனாள் என்று தெரிந்திருந்தும், ஏன் என்று கேட்டவர்களிடம் காரணம் தெரியாது என்றாராம். என் பெயரை ஒருவரிடமும் சொல்லவில்லை.