புளி முடிந்த பிறகு வரும் பரீட்சை

புதூர்நாட்டில் என் வீட்டுக்காரர் ரேஷன் கடை கிளார்க். எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான கையோடு ஒடுகத்தூரிலிருந்து அவரோடு ஜீப்பில் மலையேறினேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும் கோட்டை விட்டவள் நான். அதைச் சொல்லிக் காட்டாமல் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது. எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. ஒருநாள் தட்டை நங்கென்று வைத்துவிட்டு, “பாஸ் பண்ணிக் காட்டலன்னா ஏன்னு கேளுங்க” என்றேன். மறுவாரமே தனித்தேர்வுக்கு விண்ணப்பம் போட்டேன்.

என்னோடு இன்னொருத்தியும் போட்டாள். பக்கத்து ஊர்க்காரி, மலையிலேயே பிறந்து வளர்ந்தவள், என்னைவிட ஒரு வயது சின்னவள். அவளும் இங்கிலீஷில் போனவள்தான். ஆனால் அவளுக்கு இது வீம்பு இல்லை. அவள் ஊரில் பால்வாடி திறக்கப் போவதாகப் பேச்சு. ஊர்ப் பெண் பாஸ் பண்ணியிருந்தால் அவளே டீச்சர். இல்லையென்றால் வேறு ஆள் போடுவார்கள். பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, “இந்த ஒரு தடவதான்கா எனக்கு. விட்டா அவ்ளோதான்” என்பாள்.

அவள் வீட்டு வாசலில் புளி தட்டிக்கொண்டே படிப்போம். இரண்டு பேருக்கும் ஒரே புத்தகம், அதற்கும் மேலட்டை கிடையாது. எங்களுக்கு எமனாக வந்தது ‘கிளாஸ்’, அதாவது பெரிய வாக்கியத்துக்குள் ஒட்டிக்கொண்டு வரும் துணை வாக்கியம். எது அட்ஜெக்டிவ் கிளாஸ், எது அட்வெர்ப் கிளாஸ்? ‘ஹூ’ வந்தால் அட்ஜெக்டிவ், ‘வென்’ வந்தால் அட்வெர்ப் என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ‘தி டே வென் ஹி கேம்’ என்று ஒன்று வந்தது. அட்வெர்ப் என்று எழுதிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்தால், அட்ஜெக்டிவ்! புத்தகத்தைத் தூக்கிப் புளிக் குவியலில் எறிந்தேன்.

அவள் அதை எடுத்து, ஒட்டியிருந்த நாரைத் தட்டிவிட்டாள். “மொத வார்த்தைய பாத்து இன்னாக்கா பண்றது? அது எதுக்கு பதில் சொல்லுதுன்னு பாருங்க. எந்த ஆளு, எந்த நாளுன்னு கேட்டா வர்ற பதிலு, பேரோட ஒட்டிகினு இருக்குது. எப்போ பண்ணான், ஏன் பண்ணான்னு கேட்டா வர்றது, செஞ்ச வேலையோட ஒட்டிகினு இருக்குது. நாங்க தெனமும் அப்டித்தான பேசறோம்?”

உண்மைதான். அவள் வீட்டுக்காரர் பெயரை நான் அவள் வாயால் கேட்டதே இல்லை. ‘தேனெடுக்கப் போனவரு’ என்பாள். தேதியும் சொல்ல மாட்டாள். பிள்ளை எப்போது பிறந்தது என்று கேட்டால், ‘சாமை அறுக்கும்போது’ என்பாள். அன்றிலிருந்து எனக்குக் கிளாஸ் தப்பவே இல்லை. சொல்லிக் கொடுத்தவள் அவள்; வீட்டில் போய்ப் பீற்றிக்கொண்டவள் நான்.

மலைப்பேச்சு எனக்கும் கைவந்துவிட்டது என்று ஒரு மிதப்பு வேறு. தை மாதத்தில் ஒருநாள், “பரீட்சை எப்போக்கா?” என்று கேட்டாள். பங்குனிக் கடைசி என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். “புளி அடிச்சி முடிஞ்சப்புறம்” என்றேன், அவளைப் போலவே இழுத்து. அவளும் சிரித்தாள். நான் நினைத்தது ஒடுகத்தூர்ப் புளி. பங்குனி பாதிக்குள் முடிந்துவிடும். மலைமேல் குளிரில் காய் மெதுவாகத்தான் பழுக்கும். அங்கே சித்திரையிலும் அடிப்பார்கள் என்பது கீழே வளர்ந்த எனக்கு உறைக்கவில்லை.

அவள் ஊரில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் முன்னால் ஊர்க்கவுண்டர் வீடு வீடாக வந்து, வெளியே தங்கவேண்டிய வேலை யாருக்காவது இருக்கிறதா என்று கேட்பார். இருந்தால் நாளைத் தள்ளி வைப்பார்கள். காப்புக் கட்டிவிட்டாலோ, திருவிழா முடியும்வரை ஊர்க்காரர் ஒருவரும் ராத்திரி எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. அவள், “எனக்கு பரீட்சை, புளி முடிஞ்சப்புறந்தாங்க” என்று சொல்லியிருக்கிறாள். பங்குனிக் கடைசியில் காப்புக் கட்டினார்கள்.

மூன்றாம் நாள் ரேஷன் கடை விலாசத்துக்கு இரண்டு ஹால் டிக்கெட்டும் வந்தன. அதே வாரத்தில், அடுத்தடுத்த இரண்டு நாள், இரண்டு தாள். காலையில் இறங்கும் ஜீப் மறுநாள்தான் மேலே வரும். கீழே தங்காமல் எழுத முடியாது.

ஓடிப்போய்க் கொடுத்தேன். தேதியை விரல் வைத்துப் படித்தாள். ஊர்க்கவுண்டரிடம் போனோம். அவரும் கலங்கிப்போனார்.

“முன்னயே சொல்லியிருந்தா தள்ளி வெச்சிருப்போமேம்மா. யாரு ஒனக்கு அப்டி சொன்னது?”

அவள் என் பக்கம் திரும்பாமலே, “நாந்தாங்க தப்பா வெளங்கிகினேன்” என்றாள்.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். “சாமியா ஒனக்கு வேல குடுக்கும்? கெளம்புடி!” என் குற்றத்தை மறைக்கத்தான் அத்தனை சத்தமும்.

“புள்ளைங்க இருக்கற ஊருக்கா. நாளைக்கி ஒண்ணுத்துக்கு காய்ச்ச வந்தாலும் என்னாலதான்னு ஆயிடும். நீங்க போய்ட்டு வாங்க.”

போனேன். தாளில் வந்த கிளாஸ் எல்லாவற்றையும் அவள் கேட்கச் சொன்னபடியே கேட்டுக் கேட்டு எழுதினேன். பாஸ் ஆகிவிட்டேன். வீட்டுக்காரர் சொல்லிக் காட்டுவதை விட்டார், எனக்கு அது இனிக்கவில்லை. ஆனியில் பால்வாடி திறந்தது. மலையிலேயே குடியிருப்பவள், பாஸ் பண்ணியவள் என்று வேலையை எனக்கே கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் தினமும் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவாள். ஒரு மழைநாளில் எனக்குப் பொறுக்கவில்லை. “அன்னைக்கி தப்பு என்னுது. எங்க ஊரு புளிய நெனச்சி சொல்லிட்டேன்” என்றேன்.

“தெரியும்கா. ஹால் டிக்கெட்ட பாத்தப்பவே தெரிஞ்சிபோச்சி.”

“அப்ப ஏண்டி கவுண்டர்கிட்ட சொல்லல?”

“நீங்க மலைக்கி வந்து ஒரு வருசங்கூட ஆவல. ஊரே ஒங்கள திட்டியிருக்கும். அப்புறம் யார் வூட்ல போயி நீங்க உக்காருவீங்க?”

பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கினாள். “டீச்சர் கைய புடிச்சிகினு உள்ள போ” என்றாள். அது வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டது.