பட்டன் அக்காவும் பழந்தின்னி வௌவால்களும்

சட்டையில் பட்டன் இல்லாமல் யாரும் அந்தத் தையல் கடையைத் தாண்டிப் போய்விட முடியாது. "நில்லுப்பா, இப்படியேவா ஆபீசுக்குப் போகப் போற?" என்று அக்கா பிடித்து நிறுத்திவிடுவார். நின்ற நிலையிலேயே ஊசியை ஓட்டி, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவார். கூலி எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு முறைப்புதான் கிடைக்கும். பட்டன் அக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் தெருவில் மிகக் குறைவு.

என் கடை அவர் கடைக்குப் பக்கத்தில். செல்போன் பழுது பார்க்கிறேன். இரண்டுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் அவர் தும்மினால் இந்தப் பக்கம் என் திருகாணிகள் உருளும். எதிரே பேருந்து நிறுத்தம். அதை ஒட்டி நான்கு கிழட்டு அத்தி மரங்கள். அவற்றில் பழந்தின்னி வௌவால்கள், கொடியில் போட்டு எடுக்க மறந்த கறுப்புத் துணிகள் மாதிரி, கிளைக்குக் கிளை தலைகீழாகத் தொங்கும்.

அக்காவுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. அவர் தைப்பது பெரும்பாலும் பள்ளிச் சீருடை. அதிலும் வெள்ளைச் சட்டை. துவைத்து வாசலில் உலர்த்தினால், சாயங்காலம் கூட்டமாகப் பறந்து போகும் வௌவால்கள் அவற்றில் பழக்கறையைப் பொழிந்துவிட்டுப் போகும். "உள்ளாடை வரைக்கும் பூப்போட்டுட்டுப் போயிடுதுங்க" என்று அக்கா பொருமுவார். வார்டு கவுன்சிலரை எங்கே பார்த்தாலும் விடமாட்டார். மரத்தை வெட்டு, இல்லையென்றால் வௌவாலை விரட்டு. எதிர்வாடை மருந்துக் கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். வௌவாலால் வியாதி வரும் என்பது அவர் கவலை. கடைசியில் கவுன்சிலர் இறங்கி வந்தார். மழைக்கு முன் மரங்களை எடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். அன்று அக்கா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் கோடையில்தான் அது நடந்தது. ஒரு வாரமாக வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தார் ரோடு செருப்பில் ஒட்டியது. அன்று மத்தியானம் மின்சாரமும் போய்விட்டதால் இருவரும் கடை வாசலில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தோம். எதிரே மரத்தில் ஏதோ மாறியிருந்தது. எப்போதும் உச்சாணிக் கிளையில் தொங்கும் வௌவால்கள் அடிமரத்துக்கு இறங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டிருந்தன. வாயைத் திறந்து இரைத்தன. இறக்கையை நக்கி நக்கி விசிறின.

"என்ன தம்பி, இதுங்களும் நம்மள மாதிரியே விசிறுது?" என்றார் அக்கா.

சொல்லி முடிப்பதற்குள் ஒன்று பொத்தென்று விழுந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு வரிசையாக விழத் தொடங்கின. பேருந்துக்கு நின்றவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள்.

அக்கா எழுந்து ரோட்டைக் கடந்தார். நானும் போனேன். முதலில் விழுந்தது செத்திருந்தது. அதன் நெஞ்சில் ஏதோ அசைந்தது. அக்கா குனிந்து இறக்கையை விலக்கினார். உள்ளே ஒரு குட்டி. மூடிய கைக்குள் அடங்கிவிடும் அளவு, உருண்டைக் கண்கள், செத்த தாயின் மடியை வாயிலிருந்து விடாமல் பற்றிக்கொண்டிருந்தது.

"பால் குடிச்சிட்டிருக்குடா" என்றார் அக்கா. அவர் என்னை டா போட்டு அழைத்தது அன்றுதான்.

குட்டியைப் பிரிக்கப் போனவரின் விரலை அது கீறிவிட்டது. அதற்குள் நான் செல்போனில் தேடி, வனவிலங்கு மீட்பு மையத்தின் எண்ணைப் பிடித்திருந்தேன். கால்நடை மருத்துவரான ஒரு பெண் பேசினார். அக்காவைக் கீறியதைக் கேட்டதும் பதறினார். "முதல்ல சோப்புப் போட்டு நல்லா கழுவுங்க, விட்டுடாம இன்னைக்கே ஆஸ்பத்திரி போய் ஊசி போட்டுக்கோங்க. வெறுங்கையால ஒண்ணையும் தொடாதீங்க. மரத்துல இன்னும் உயிரோட இருக்குதுங்களே, அதுங்களுக்குத் தண்ணி வேணும். பீய்ச்சி அடிச்சிடாதீங்க, பயந்து பறந்தா அதுலயே செத்துடும். மழை மாதிரி தூவுங்க. நான் கிளம்பிட்டேன்."

தெருக் குழாயில் காற்றுதான் வந்தது. குடிக்கவே லாரியை எதிர்பார்க்கும் காலம் அது. அக்கா குடிதண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்துக் கையைக் கழுவிக்கொண்டே, ஸ்பீக்கரில் கணவருக்குப் போன் போட்டார். அவர் டேங்கர் லாரி ஓட்டுகிறவர். புதுக் கட்டடங்களின் அடித்தளத்தில் ஊறும் கலங்கல் தண்ணீரை உறிஞ்சி எடுத்துக் கொண்டுபோய்க் கொட்டுவது அவர் வேலை.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"பாலத்துகிட்ட. கொட்டத்தான் போயிட்டிருக்கேன். ஏன்?"

"கொட்டாதீங்க. இங்க கொண்டாங்க."

"யார் வீட்டுக்கு?"

"வௌவாலுக்கு."

"வெயில்ல உனக்கு ஏதாவது ஆயிடுச்சாம்மா?" என்று அவர் மெல்லக் கேட்டார். அக்கா அழுதார். லாரி வந்துவிட்டது.

வந்தவர் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். குழாய் முனையைச் சுத்தியலால் தட்டி நசுக்கி, அதை வானத்தை நோக்கிப் பிடித்தார். தண்ணீர் மேலே போய், சிதறி, இலைகள்மேல் தூறலாக இறங்கியது. கலங்கல் தண்ணீர்தான். ஆனால் அடிமரத்தில் அப்பிக்கிடந்த கூட்டம் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கி, தன் இறக்கையில் வழிந்ததை நக்கத் தொடங்கியது.

மருந்துக் கடைக்காரர் வாசலில் நின்று கத்தினார். "மனுஷனுக்கே தண்ணி இல்ல, இது தேவையா?"

"இதை நீங்க குடிக்கிறதா இருந்தா ஒரு குடம் பிடிச்சுத் தரேன்" என்றார் அக்காவின் கணவர். கடைக்காரர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பெட்டி ரப்பர் கையுறை இருந்தது. அதை அக்காவிடம் நீட்டினார்.

"மெல்லிசா இருக்கே, பல்லு இறங்கிடும்" என்றார் அக்கா. கடைக்குள் ஓடி, பை தைக்க வெட்டி வைத்திருந்த ஜீன்ஸ் துணியை இரட்டையாக மடித்து, மின்சாரம் இல்லாததால் தையல் மெஷினைக் காலால் மிதித்து, முழங்கை வரை வரும் உறைகள் தைத்தார். இவ்வளவு கோணலான தையலை அவர் கையிலிருந்து நான் பார்த்ததில்லை. ரப்பர் உறைக்கு மேலே அவற்றை மாட்டிக்கொண்டு அவரும் நானும் கடைக்காரரும் செத்தவற்றைப் புரட்டிப் புரட்டிக் குட்டிகளைத் தேடினோம். மருத்துவர் வேனில் வந்து சேர்ந்தபோது, துணி விரித்த அட்டைப் பெட்டியில் குட்டிகள் கிடந்தன. பிழைக்காதவை நடைபாதை நீளத்துக்குக் கிடந்தன. அதைப் பார்க்க முடியாமல் அக்கா முதுகைத் திருப்பிக்கொண்டார்.

மருத்துவர் ஒரு குட்டியை எடுத்துத் துணியில் சுருட்டிக் காட்டினார். இறக்கை அடங்கி, தலை மட்டும் வெளியே தெரிய, இறுக்கமாக இருந்தால்தான் தாயைப் பற்றியிருப்பதாக நினைத்து அமைதியாகுமாம். மையத்தில் துண்டுகளைக் கிழித்துச் சுற்றுகிறார்களாம், அவிழ்ந்துகொண்டே இருக்கிறதாம். அக்கா அந்தச் சுருட்டலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு ஒரு அளவு கொடுங்க டாக்டர். ராத்திரிக்குள்ள தைச்சுத் தரேன்."

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அங்கேதான் அக்கா கொஞ்சம் வம்பு செய்தார். வாழ்நாள் முழுக்க ஊசி பிடித்தவருக்கு ஊசி என்றால் நடுக்கம். கணவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் போட்டுக்கொண்டார். அடுத்தடுத்த ஊசிக்கும் அவர் கூடப் போக வேண்டியிருந்தது.

சீருடை வெட்டியதில் மிஞ்சிய கட்டம் போட்ட பருத்தித் துணியில் அக்கா சின்னச் சின்னச் சட்டைகள் தைத்தார். இறக்கையை மடித்து வைக்க உள்ளே ஒரு பை, மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டை, ஓரத்தில் ஒரே ஒரு பட்டன். மருத்துவர் அனுப்பிய படத்தில், பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளைகள் மாதிரி, எல்லாம் வரிசையாகப் பால் புட்டியைச் சப்பிக்கொண்டிருந்தன. அக்கா அதைத் தெரு முழுக்கக் காட்டினார்.

அடுத்த வாரம் மரம் அறுக்கும் வண்டி வந்தது. கவுன்சிலரும் சந்தோஷமாக வந்தார். அக்கா மரத்தடியில் போய் நின்றுகொண்டார்.

"அக்கா, நீங்க கேட்டதுதானே? தள்ளுங்க, கிளை விழும்."

"வேணாங்க. வெட்ட வேணாம்."

"போன மாசம் வெட்டலைன்னு என்னைத் தெருவுல வச்சு வாங்கினீங்களே! ஒரு பேச்சுல நில்லுங்க."

"தப்பா தைச்சா பிரிச்சுத் தைக்கறது இல்லையா? எம்மேல என்ன கோபம் வேணும்னாலும் படுங்க. மரம் இருக்கட்டும்."

கவுன்சிலர் மருந்துக் கடைக்காரரைப் பார்த்தார், ஒரு ஆளாவது தன் பக்கம் நிற்பாரென்று. கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "டாக்டரம்மாகிட்ட பேசினேன். தொடாம இருந்தா போதுமாம்" என்றார். கவுன்சிலர் தலையில் கைவைத்துக்கொண்டார். பேச்சு ஒரு மணி நேரம் நீண்டது. கடைசியில், பேருந்து நிறுத்தத்துக்கு நேர் மேலே நீண்ட இரண்டு கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, நிறுத்தத்துக்குத் தகரக் கூரை போடுவதென்று முடிவானது. அக்கா தன் துணிக்கொடியைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றிக்கொண்டார்.

இப்போது மரங்களின் உச்சி வரை மெல்லிய குழாய்கள் போயிருக்கின்றன. வெயில் ஏறும் நாளில் அக்காவின் கணவர் லாரியைக் கொண்டுவந்து இணைத்துவிடுவார், மேலிருந்து தூறும். அப்படியும் சில சாகின்றன. எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டோம் என்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. "முடிஞ்சதை செஞ்சோம்" என்பார், அதற்குமேல் பேச்சை வளர்க்கமாட்டார்.

குட்டிகளைப் பறக்கவிட்ட நாளில் மையத்துக்கு எங்கள் எல்லோரையும் அக்கா அழைத்துப் போனார். பொழுது சாய்ந்ததும் கூண்டின் மேல்கதவைத் திறந்தார்கள். ஒவ்வொன்றாக வெளியேறி, இரண்டு சுற்றுச் சுற்றி, ஆற்றுப் பக்கமாகப் போயின. அக்கா கையை இறுகக் கட்டிக்கொண்டு நின்றார். "ஒண்ணுகூடத் திரும்பிப் பாக்கல பாத்தியா" என்று என்னிடம் குறைபட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

வேறு ஊர்களின் மீட்பு மையங்களிலிருந்தும் இப்போது அவரைப் போனில் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் அந்த மையங்களுக்குத் தைத்துக் கொடுக்கும் தையல்காரர்கள்தான், அளவு கேட்டு. பலகைத் தடுப்பின் அந்தப் பக்கமிருந்து அவர் குரல் எனக்குக் கேட்கும்: "கழுத்துகிட்ட இறுக்காதீங்க, மூச்சு விடணும். ரெண்டு விரல் விடுங்க. பட்டனா? பெருசாவே வைங்க. பாவம், பால் கொடுக்கிறவங்க அவசரத்துல அவுக்கணும்ல."